மூன்றாம் வளைவின் வாய்க்கால்

ஜெர்மன் பேசும் இந்தக் கூர் நகரத்துக்கு மேலேயுள்ள காட்டுப்பாதையில் நாற்பத்திரண்டு கற்படிகள் நான் வைத்தவை. ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் மரப்பாலம் என்னுடையது. மழைநீரைப் பாதையிலிருந்து பள்ளத்துக்கு இறக்கிவிடும் பதினொரு கல்வாய்க்கால்களும் என் கையால் போட்டவை. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டு நகராட்சி வேலைக்குப் போனவன். இவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்ட மேற்பார்வையாளர், கடைசியில் என்னைக் கேட்காமல் ஒரு கல்லையும் நகர்த்தவில்லை.

நான் ஓய்வுபெற்ற பிறகு பாதையில் சைக்கிள்கள் பெருகின. மூன்றாம் வளைவு மழைக்கு மழை அரிபட்டுப் போனது. சைக்கிளைத் தடைசெய்யும்படி நடைக்காரர்கள் கேட்டார்கள். நடைக்காரர்களின் ஊன்றுகோல்தான் மண்ணைக் குத்திக் கிளறுகிறது என்றார்கள் சைக்கிள்காரர்கள். கூட்டம் வைத்து முடிவெடுப்போம் என்றது நகராட்சி. எனக்கு இரண்டு பக்கத்திலும் நம்பிக்கையில்லை. சைக்கிள்காரரில் இன்னும் குறைவு. துள்ளிப்பாய மேடு கட்ட என் கல்லைக் கிளப்புகிறார்கள் என்றே நினைத்தேன்.

ஒரு மழைச் சனிக்கிழமை, தேநீர்ப் போத்தலோடு போய் வளைவுக்கு மேலே மரத்தின் பின்னால் காவல் நின்றேன். முதலில் வந்த சைக்கிள் நின்றது. ஓட்டிவந்தவள் இறங்கி என் வாய்க்காலுக்குள் கையை விட்டாள். ஆத்திரத்தில் எனக்குத் தமிழ்தான் வந்தது.

"கல்லிலை கை வையாதை!"

"ஐயோ, பயப்படுத்தாதேங்கோ அங்கிள்!" என்றபடி தலைக்கவசத்தைக் கழற்றினாள். எங்கள் தமிழ்ப் பிள்ளை. இங்கே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் தாதி.

"அப்ப என்ன நோண்டுறாய்?"

"சேறு அள்ளுறன். இப்ப நாங்கள்தான் அள்ளுறனாங்கள். இதைக் கட்டின ஆள் ஆரோ தெரியாது. தண்ணியை ஓட விடாமல் படுக்க விட்டிருக்கிறார்."

"அந்த ஆள் நான்தான்."

அவள் சிரிப்பை அடக்கினாள். "அப்ப நீங்களே பாருங்கோவன்."

பார்த்தேன். தண்ணீர் வாய்க்காலில் தேங்கி, கொண்டுவந்த மண்ணை அங்கேயே போட்டுவிட்டு, கல்லைத் தாண்டிப் பாதையில் இறங்கியது. இவளே சேற்றை அடைத்தாளோ என்று சந்தேகம் எனக்கு. மற்றப் பத்தையும் போய்ப் பார்த்தேன். எல்லாம் அதே கதை.

ஊரில் வெங்காயத் தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டும்போது சரிவைக் குறைத்தே வெட்டுவோம். வேகமாக ஓடினால் தண்ணீர் செம்மண்ணை அரித்துவிடும். அதே கைப்பழக்கத்தில் இங்கும் போட்டிருக்கிறேன். மலையிலோ தண்ணீர் வேகமாக ஓடினால்தான் மண்ணையும் தள்ளிக்கொண்டு போகும். வேலையில் இருந்தவரை கிழமைதோறும் நானே துப்புரவாக்கியதால் பிழை வெளியே தெரியவில்லை.

சைக்கிள் பிரேக் பிடித்து மண்ணைக் கிளறுவது உண்மை. நடைக்காரர் ஈரத்துக்கு ஒதுங்கிப் பாதையை அகலமாக்குவதும் உண்மை. ஆனால் மூன்றாம் வளைவை அறுத்தது என் வாய்க்கால். நான் வாய் திறக்காவிட்டால் சைக்கிளுக்குத் தடை விழும், என் பெயர் தப்பும். கூட்டத்தில் எழுந்து, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். தடை விழவில்லை. பதினொன்றையும் பிரித்து, சரிவு கூட்டி, நானே நின்று திரும்பப் போட்டேன். அதற்குப் பிறகு வளைவு அரிபடவில்லை.

இப்போது பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகை நிற்கிறது. நடைக்காரரும் சைக்கிள்காரரும் சேர்ந்து காத்த பாதையாம். யார் எழுதிக்கொடுத்தார்களோ! கட்டியவன், பிழைவிட்டவன், திருத்தியவன் மூவரும் ஒரே ஆள். மூன்றையும் அதில் எழுத வேண்டும். இடம் போதாதென்றால் பெரிய பலகையாகப் போடட்டும்.