பின்கட்டில் ஐந்தாவது அடுப்பு

என் கணவரின் பாட்டனார் பர்மா தேக்கில் கட்டிய வீடு. இன்றும் நாங்கள்தான் குடியிருக்கிறோம். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஆலங்குடிப் பக்கத்து வயல்களிலிருந்து நெல் வண்டிகள் பின்வாசலில்தான் வந்து நிற்கும். இத்தனை பெரிய வீட்டில் பொதுச் சமையல் கிடையாது. மகனுக்குக் கல்யாணமாகிச் சில மாதம் போனதும் அதுவரை மாமியார் சமையலில் சாப்பிட்ட மருமகளுக்குத் தனி அடுப்பு கொடுத்துவிடுவார்கள். ‘வேறு வைத்தல்’ என்று பெயர். சண்டை ஒன்றுமில்லை. ஒரே கூரை, ஒரே வயல், அடுப்பு மட்டும் தனி.

நான் நான்காவது மருமகள், கடைசி. நல்ல நாள் பார்த்து எனக்கும் பின்கட்டில் அடுப்பு மூட்டினார்கள். ஒரு வருஷத்துக்கான அரிசி, பருப்பு, புளி, மிளகாய், விறகு எல்லாம் மாமியார் அடுக்கி வைத்திருந்தார். அன்று மதியம் வீட்டார் அத்தனை பேருக்கும் என் கையால் சாப்பாடு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

குழம்பு கொதிக்கும்போதுதான் பார்த்தேன், உப்பு இல்லை. ஜாடி ஜாடியாகத் திறந்தேன். மங்கலப் பொருளென்று முதலில் வைக்க வேண்டியதையே மாமியார் மறந்திருந்தார். பக்கத்து அடுப்புகளில் மூத்த மருமகள்கள் மூவரும் இருந்தார்கள். வாய்திறந்து கேட்டால் மாமியாரின் மானம் சாயங்காலத்துக்குள் கப்பலேறிவிடும். கேட்காவிட்டால் என் மானம் இலையிலேயே போய்விடும்.

அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் கண்ணில் பட்டது. அதிலிருந்த உப்புத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றினேன், துணிந்து பொரியலிலும் தெளித்தேன். மாமனார் இரண்டாம் தரம் குழம்பு கேட்டார். மூத்தவர்கள் பக்குவம் கேட்டார்கள். எங்கள் ஊர் வழக்கம் என்று கூசாமல் சொன்னேன். மாமியார் மட்டும் குழம்பை விரலில் தொட்டு இன்னொரு தரம் ருசி பார்த்தார்.

எல்லோரும் போனபின் முந்தானைக்குள் உப்பு ஜாடியை மறைத்து எடுத்து வந்தார்.

“நார்த்தங்கா வாடை தெரிஞ்சிருச்சு. மறந்துட்டேன் ஆத்தா.”

இத்தனை வேலையில் யாருக்கும் மறக்கும் என்றேன்.

“வேலையால இல்ல. நீதான் கடைசி. நாளையிலேருந்து எனக்கும் ஒங்க மாமாவுக்கும் மட்டுந்தான் ஒலை வைக்கணும். அதே நெனப்பு.”

தனி அடுப்பில் என் சந்தோஷத்தை மட்டுமே பார்த்திருந்தேன்.

மறுநாள் காலையிலேயே கிண்ணத்தோடு அவர் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் பருப்பு கேட்டேன். என்னிடம் ஒரு மூட்டைப் பருப்பு இருப்பது, அதை அடுக்கி வைத்தவருக்குத் தெரியாதா? பலகையை என் பக்கம் நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன்.