இரண்டு என்று சொன்னவர்கள்

அன்புசெல்விக்கு நாற்காலி ஆகாது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராந்தாவில் நடந்துகொண்டேதான் பேசுவாள். மருந்து கொடுக்கும் எனக்குக் கழுத்து வலிக்கும். பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் உட்கார்ந்து தைத்த கோபம் அது என்று கேலி செய்வேன்.

2006இல் டாக்டர் மோகன்ராஜ் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். குடல் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க இங்கிலீஷில் இருந்த ஒரு கேள்வித்தாளைத் தமிழாக்கியிருந்தார்கள். அது நம் ஜனங்களிடம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒருவரிடம் கேட்டு, இரண்டு வாரம் கழித்து அவரிடமே மறுபடி கேட்க வேண்டும்; பதில் மாறாவிட்டால் தாள் சரி என்று அர்த்தம். ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் வந்தால் கோவைக்கு அனுப்பிக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். குறைந்தால் ‘பிரச்சினை இல்லை’ என்று சீட்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

"அச்சில இருக்கறத மட்டும் படிங்க. ஒரு வார்த்தை கூடச் சேர்க்காதீங்க" என்றார் டாக்டர்.

செல்லத்தாய் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பனியன் கம்பெனி டெய்லர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவள், ‘ஒரு நாளில் எத்தனை முறை மலம் கழிக்கச் செல்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு யோசிக்காமல் "ரெண்டு" என்றாள். மொத்தம் மூன்று மதிப்பெண். அன்புசெல்வி சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

கொடுத்தாளே தவிர, அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த இரண்டு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். கம்பெனியில் கக்கூஸுக்குப் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும், ஷிப்டுக்கு இரண்டுதான். எத்தனை முறை என்று கேட்டால் வாயில் அதுதான் வரும். ஆனால் ஒரு வார்த்தை சேர்த்தால் இந்த வேலை போய்விடும், மறுபடி தையல் மெஷின்தான் என்ற பயம். பதினான்கு நாளும் வராந்தாவை அளந்தாள். எனக்கே எரிச்சல் வந்தது.

மறுமுறையும் செல்லத்தாய் "ரெண்டு" என்றாள். இன்னும் மெலிந்திருந்தாள். அன்புசெல்வி பேனாவை மூடினாள்.

"ஏங்கண்ணு, டோக்கன் இல்லாத ஞாயித்துக்கெழம எத்தன தடவ போவ?"

"அதயும் சொல்லணுமாக்கா? எட்டு, ஒம்பது இருக்கும். சாப்பிட்டாத்தான ஓட வேண்டியிருக்கு? அதான் வேல நாள்ல சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் திங்க மாட்டேன்."

அன்புசெல்வி தாளோடு டாக்டரிடம் ஓடி, டோக்கன் விஷயத்தைச் சொன்னாள். அவர் கத்தினார். "நீங்களா கேள்வி சேர்த்தா இந்தத் தாள் செல்லாது! ரெண்டு தடவையும் எல்லாரும் ஒரே பதில் சொல்றாங்கன்னு எவ்வளவு சந்தோஷமா இருந்தேன்!"

"டோக்கன் மாறுனாத்தானுங்க சார் பதில் மாறும்?"

அவர் தாளை வாங்கி மறுபடி படித்தார். பிறகு செல்லத்தாயைக் கோவைக்கு அனுப்பினார். குடலில் புண் என்று தெரிந்து மருந்து ஆரம்பித்தார்கள். பழைய தாள்களை மேஜையில் பரப்பிப் பார்த்தோம். கம்பெனி ஆட்கள் தொண்ணூற்றிரண்டு பேரில் எண்பத்தொரு பேர் ‘இரண்டு’.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

"தெரியுமுங்க" என்று அழுதுவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வேலை போகவில்லை. அத்தனை பேரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே போய்க் கேட்கச் சொன்னார் டாக்டர். கம்பெனி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு லைன் வீடாக ஓடினாள். நான்காவது வாரம் அவிநாசிபாளையத்தில், அந்த எண்பத்தொரு பேரில் ஒருவனான காசிமாயன் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு மாரக்காள் சொன்னார்:

"வயித்தால போயிப் போயி எலும்பும் தோலுமாக் கெடந்தான் கண்ணு. ஆசுபத்திரிக்கு வாடான்னா, பிரச்சினை இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு ஒரு சீட்டக் காட்டுவான். போன வாரந்தான் ஊருக்குத் தூக்கிட்டுப் போனாங்க."

"எந்த ஊருங்க?"

"தெக்க எங்கியோ, கண்ணு."

அன்புசெல்வி கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சொந்த ஊர் எது என்று அதில் கேட்டிருக்கவில்லை. அவளும் கேட்டிருக்கவில்லை.