கொச்சிக்கு இன்னும் நாலரை மணி நேரம்

என் தையல் கடைக்கு அடுத்த வீடு லத்திபா அக்காவுடையது. கம்பத்தில் பிறந்து கம்பத்திலேயே வாழ்க்கைப்பட்டு, ஒருமுறைகூட விமானம் ஏறாத மனுஷி. ஆனால் டொரொண்டோவிலிருந்து கொச்சி பதிமூவாயிரத்து ஐநூறு கிலோமீட்டர், தோஹா வரைக்கும் பன்னிரண்டரை மணி நேரம், அங்கிருந்து கொச்சிக்கு நாலரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். மகன் ரியாசுதீன் கனடாவில் வேலை பார்க்கிறான். விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஆப்பை அவன்தான் செல்போனில் போட்டுக் கொடுத்தான்.

கணவர் சேக் தாவூது குமுளி வழியாகக் கேரளாவுக்குத் திராட்சை லோடு அனுப்புகிறவர். "நான் போய்ட்டா ஐஸ் பெட்டியில போட்டு வெச்சுறாத லத்திபா. பழத்தையே நான் அப்படி வெச்சதில்ல. அன்னைக்கே அடக்கிருங்க" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் அவருக்கு மூச்சுத்திணறல் முற்றிவிட்டது. மகன் பதறியடித்துக் கிளம்பினான். அவன் விமானம் ஏறிய கொஞ்ச நேரத்தில், இங்கே விடிகாலையில், இவர் போய்விட்டார்.

வீடு நிறைய ஆட்கள். மகன் முகம் பார்க்க ஒருநாள் வைக்கலாம் என்று பாதிப்பேர், மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது என்று பாதிப்பேர். கடைசியில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா செல்போனைப் பார்த்தது. அந்தச் சின்ன விமானம் கடல்மேல் கிடந்தது. பாழாய்ப்போனது நகர்வதாகவே தெரியவில்லை.

"அவுக சொன்னபடியே செஞ்சிருங்க" என்றது அக்கா. சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. ரியாசுக்கு யாரும் சொல்லக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டது.

பொழுது சாய, தோஹாவில் இறங்கிப் போன் செய்தான். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அத்தா எப்படிம்மா இருக்காக?"

"தூங்குறாகப்பா."

"எழுப்பிறாதீங்க. நான் வந்து எழுப்பிக்கிறேன்."



மறுநாள் மதியம் குமுளி மலை இறங்கி டாக்ஸியில் வந்தான். தெருவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. கபர்ஸ்தானுக்குப் போய்வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நான் போன் பண்ணும்போது அடக்கியாச்சாம்மா?"

ஆமென்று அக்கா தலையை ஆட்டியது. திரும்பிப் போனவன் அப்புறம் ஊர்ப்பக்கமே வரவில்லை. வெள்ளிக்கிழமை போன் வரும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான்.

அக்கா இன்றும் தினம் காலையில் டீயை ஆறவிட்டு, தோஹாவிலிருந்து வரும் அதே விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உதடு அசையும். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, ஒருநாள் கத்திவிட்டேன்.

"கிறுக்கு புடிச்சிருச்சாக்கா? அதுல யாரு இருக்கா?"

"ரியாசு இருக்கான்."

எனக்குக் கோபம் வந்தது.

"அன்னைக்கே அவன்கிட்டச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அம்புட்டு நேரமும் வானத்துல ஒத்தையில உக்காந்து அழுதிருப்பான். யாரு புடிப்பா? அங்கன இருந்த வரைக்கும் அவனுக்கு அத்தா இருந்தாக, பாண்டி."

விமானம் கொச்சியை நெருங்கியிருந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அக்கா செல்போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தது. தினமும் அப்படித்தானாம்.

"ஏன்க்கா?" என்றேன்.

"எறங்குனா அவனுக்குத் தெரிஞ்சுபோகும்ல" என்றது.