உம்மா பில்டர் வாங்கப் போன வெள்ளிக்கிழமை

அடுப்படியிலிருந்து சர்க்கரையும் ஏலக்காயும் சேர்ந்து அவியும் வட்டிலப்பத்தின் வாசமும், முற்றத்திலிருந்து எரிந்து கறுத்த என்ஜின் ஒயிலின் வாடையும் வந்து சந்திக்கும் வாசற்படியில் நின்றுகொண்டு, அன்று காலை நான் இரண்டையும் மாறி மாறி மூக்கால் இழுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் எந்த வீட்டில் வட்டிலப்பம் அவிந்தாலும் என் மூக்கு அந்த ஒயிலையும் சேர்த்துத் தேடுகிறது. பெருநாளன்று விருந்துக்குப் போன வீட்டில் இதைச் சொன்னால் முறைப்பார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவேன்.

அன்று எங்கள் வீடு தலைகால் புரியாமல் ஆடியதற்குக் காரணம், கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்த வாப்பா லீவில் வருவதுதான். மறுநாள் காலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறார். மருதமுனையிலிருந்து கட்டுநாயக்கா என்றால் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுததும் புறப்பட்டால்தான் சரியாக இருக்கும். அந்தக் காலத்தில் விமான நிலையத்துக்குப் போவது எங்களுக்கு ஒரு பெருநாள். சித்திமுறையான சாச்சி வருவாள், சாச்சியின் பிள்ளைகள் வருவார்கள், இடியப்பமும் பொரித்த கோழியும் வாழையிலையில் கட்டப்பட்டு வரும், தலையணைகூட வரும்.

ஆனால் உம்மாவுக்கு அது வெறும் பயணமாக இருக்கவில்லை. முந்திய முறை வாடகைக்குப் பிடித்த வேன் வழியில் சுணங்கி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாப்பா வெளியே வந்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஆட்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுது சிரித்துப் போன பிறகு, ஒரு மூலையில் தன் பெட்டிக்கு மேலேயே குந்தியிருந்தார். எங்களைக் கண்டதும், "இப்பதான் வந்தன்" என்றார். அது பொய் என்பது எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து உம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அடுத்த முறை அவர் கதவால வெளிய வரக்குள்ள எங்கட முகம் அங்க நிக்கணும்." கைக்குழந்தையாக இருந்தபோது வாப்பாவைப் பார்த்த தம்பிக்கோ வாப்பா என்றால் போன்தான், யார் வீட்டுப் போனைக் கண்டாலும் முத்தம் கொடுப்பான்.

இந்த முறை வாடகை வேன் வேண்டாம், எண்ட வேன்லயே போவம் என்று மார்தட்டியவர் ஜவாத் மாமா, உம்மாவின் தம்பி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த அந்த வேனை அவர் கலியாணம் கட்டாத குறையாக வைத்திருந்தார். தூரப் பயணம் என்றால் "சேர்விஸ்" பண்ணாமல் வண்டியை நகர்த்தமாட்டார். அதை வியாழக்கிழமை செய்திருக்கலாம். வியாழன் முழுக்க வண்டியைக் கழுவிப் பொலிஷ் போட்டதில் நேரம் போய்விட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை விடிந்ததும் உம்மாவின் நல்ல பேசனை அடுப்படியிலிருந்து கடத்திக்கொண்டு போய் வண்டிக்குக் கீழே வைத்து, கறுத்த ஒயிலை அதில் இறக்கி, பழைய பெல்ட் ஒன்றைச் சுற்றி இழுத்து "ஒயில் பில்டரை"க் கழற்றிவிட்டார். தகரப் பேணி போன்ற அந்தச் சாமான்தான் என்ஜின் ஒயிலில் சேரும் ஊத்தையை வடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். உம்மாவின் பால் வடியைப் போல என்று மாமாவே சொல்லித் தந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் பார்ட்ஸ் கடைக்குப் போய் என்ஜின் நம்பர் சொல்லிச் சாமான் வாங்குவதில்லை. கழற்றிய பழசைக் கடதாசியில் சுற்றிச் "சொப்பின் பேக்"கில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வைத்து, "இது மாதிரி ஒண்டு" என்று கேட்பதுதான் வழக்கம். அதற்குச் "சாம்பிள்" என்று பெயர். மாமா சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் சாம்பிளைப் பிடித்துக்கொண்டு, பாண்டிருப்பைத் தாண்டிக் கல்முனைப் பஸாருக்குப் போனோம். பாண்டிருப்பிலும் வழியிலேயே ஒரு பார்ட்ஸ் கடை இருந்தது. மாமாவுக்குக் கல்முனை ஹாஜியார் கடையில்தான் நம்பிக்கை.

மாமா பில்டர் தெரிவு செய்யும் அழகை இன்றைய பிள்ளைகள் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஹாஜியார் அடுக்கி வைத்த பில்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் நிறுத்துப் பார்ப்பார், வெள்ளரிப்பழத்தைத் தட்டுவதுபோல விரலால் தட்டிக் காதில் வைப்பார், வாய்க்குள் ஒரு கண்ணை விட்டு உள்ளே பார்ப்பார், கடைசியில் மோந்தும் பார்ப்பார். சாம்பிளின் திருகுப் புரியோடு புரியைச் சரிபார்த்தது ஹாஜியார்தான். "மருமகன், இது கலியாணம் இல்ல, பில்டர். சுறுக்கா எடுங்க, ஜும்ஆத் தொழுகைக்குப் போகணும்" என்று அவர் சிரித்தார். மாமா அசையவில்லை. ஒன்றைத் தெரிந்தெடுத்து, இதுதான் கனமாக இருக்கிறது என்று என்னிடம் இரகசியம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அதைப் பூட்டி, புது ஒயில் ஊற்றி வண்டியை ஸ்டார்ட் செய்ததும், பில்டர் வாயோரமாகத் தேன் நிறத்தில் புது ஒயில் பீறிட்டு மணலில் கொட்டியது. மாமா பாய்ந்து வண்டியை நிறுத்தினார். இறுக்கினார், மீண்டும் ஸ்டார்ட் செய்தார், மீண்டும் கொட்டியது. அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்த உம்மா, மணலைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பேசனையும் பார்த்தாள்.

"இந்த வண்டில ஏறியா பதினெட்டு வளைவு ஏறப் போறோம்?" என்றாள். மகியங்கனைப் பக்கம் மலையேறும் அந்த வளைவுகளில் ஒயில் வடிந்த என்ஜின் இறுகி நின்றால், வாப்பா மறுபடியும் பெட்டிக்கு மேல்தான்.

"ஹாஜியார் டூப்ளிக்கேட்ட தந்திட்டார் ராத்தா. ஜும்ஆ முடிஞ்சதும் போய் மாத்திட்டு வாறன்" என்று மாமா தன் அக்காவைச் சமாதானப்படுத்தினார்.

"ஜும்ஆ முடிஞ்சு சோறு தின்டு அவர் கட திறக்கக்குள்ள அஸர் பாங்கு சொல்லிரும். இஞ்ச கொண்டா. பாண்டிருப்புக் கட திறந்துதான் இரிக்கும், நான் அங்க போறன்."

"பொம்புளயள் போய் பில்டர் வாங்குறதா? ஆக்கள் சிரிப்பாங்க."

"வேன்ல போறது நீ மட்டும் இல்லயே. சிரிக்கிறவங்கள பள்ளிவாசல் ஸஃப்பில வரிசையா நிண்டு சிரிக்கச் சொல்லு" என்று உம்மா பழசையும் புதுசையும் பையில் போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, வட்டிலப்பத்தைச் சாச்சியிடம் ஒப்படைத்து, என் கையைப் பிடித்தாள்.

எனக்கு அந்த நடை மறக்காது. ஊரில் ஆண்கள் என்று ஒருவர் இல்லை, எல்லோரும் பள்ளிவாசலுக்குள். வெள்ளிக்கிழமை என்பதால், நெசவுக்குப் பேர்போன எங்கள் ஊரில் தறிச் சத்தமும் இல்லை. ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் மட்டும் எங்களோடு கூடவே வந்தது. வீதி முழுக்க எனக்கும் உம்மாவுக்கும் சொந்தமானதுபோல இருந்தது. எனக்குத் துள்ள வேண்டும்போல வந்தது, துள்ளினேன்.

பாண்டிருப்புக் கடையில் இருந்தவரும் ஒரு பெண். புருஷன் சரக்கெடுக்க மட்டக்களப்புக்குப் போய்விட்டாராம். நெற்றியில் திருநீறும் விரலில் கிரீஸுமாக அவரே வியாபாரம் பார்த்தார். "வாங்க ராத்தா, என்ன வேணும்?" என்றார். உம்மா பழசை மேசையில் வைத்தாள். அந்த அக்கா நாலைந்து பில்டர்களை எடுத்துச் சுற்றிவர வைத்தார். மாமாவைப் போல உம்மா தட்டவோ மோந்து பார்க்கவோ இல்லை. மரக்கறிக்கடையில் செய்வதுபோல எல்லாவற்றையும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். தடவியவள் பழசில் வந்து நின்றாள்.

"அக்கா, புதுசு எல்லாத்துக்கும் வாயில ஒரு கறுப்பு வளையம் இரிக்கி. பழசுக்கு எங்க?"

அக்கா வாங்கிப் பார்த்தார். வளையம் இருக்க வேண்டிய பள்ளம் மட்டும் இருந்தது. பையைக் கொட்டினோம், கடதாசியை விரித்தோம், இல்லை. ஹாஜியாரும் மாமாவும் நானும் காலை முழுக்கக் கையில் வைத்துப் பார்த்த சாம்பிளில் யாருமே காணாத குறை அது.

"எண்ட வீட்டுக் குக்கர்லயும் இப்படித்தான். ரப்பர் வாசர் சூட்டில மூடியோட ஒட்டிக்கும், கழட்டினா வராது" என்றாள் உம்மா.

"அப்ப பழைய வாசர் என்ஜினோட ஒட்டிக்கிட்டு கிடக்கு ராத்தா. அதுக்கு மேல புதுசப் போட்டா ரெண்டு வாசராகும். ஒழுகாம என்ன செய்யும்?" என்று அக்கா சொல்லி, மாமா வாங்கிய பில்டரின் வளையத்தைக் கழற்றிப் பழசின் பள்ளத்தில் வைத்தார். அச்சொட்டாக அமர்ந்தது. "இது சரியான சாமான்தான். இன்னொண்டு வாங்காதீங்க. பழைய வாசரக் கிண்டி எடுத்திட்டு, புதுசுக்குக் கொஞ்சம் ஒயில் பூசிப் போடச் சொல்லுங்க." யார் வருகிறார் என்று கேட்டறிந்து, "பிள்ளைர வாப்பா வந்தா எனக்கும் ஒரு சொக்லட் கொண்டு வரணும்" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். கன்னத்தில் ஏறிய கிரீஸோடு வீட்டுக்கு வந்தேன்.

தொப்பியைக்கூடக் கழற்றாமல் மாமா வாசலில் நின்றார். உம்மா அவசரப்படாமல் முக்காட்டைச் சரிசெய்து, "நீ எடுத்த பில்டர் சரிதான் தம்பி" என்றாள். மாமாவின் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. "பூட்டினதுதான் பிழ. பழைய வாசர் என்ஜினோட ஒட்டிக்கிடக்கு" என்று மீதியையும் சொன்னாள். மாமா வண்டிக்குக் கீழே போனார். கிண்டும் சத்தம் கேட்டது, பிறகு தனியே சிரிக்கும் சத்தம். இறுகிப்போன கறுப்பு வளையம் ஒன்றைக் காப்புப்போல கையில் மாட்டிக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தார். புதுசைப் பூட்டி, குறைந்த ஒயிலை ஊற்றினார். உம்மா வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து என்ஜினுக்குக் கீழே விரித்தாள். வண்டி உறுமியது. சாச்சியும் பிள்ளைகளும் நானும் சுற்றிவரக் குந்தி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டும் விழவில்லை. எங்களுக்கு வந்த சந்தோசத்தில் வட்டிலப்பத்தில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

பதினெட்டு வளைவும் ஏறி, தூங்கி, விழித்து, காலையில் விமான நிலையக் கம்பிவேலியின் முன் வரிசையில் நாங்கள் நின்றோம். வாப்பா வெளியே வந்தார். வந்தவர் எங்கள் பக்கம் திரும்பாமலே தள்ளுவண்டியை நேரே, போன முறை குந்தியிருந்த அந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். வீட்டுக்கு வெளியே சத்தமாகக் கதைத்தே பழக்கமில்லாத உம்மா, அன்று அடிவயிற்றிலிருந்து "இஞ்சாருங்க" என்று கூப்பிட்டாள். எங்கள் கரைப் பெண்கள் எல்லோரும் புருஷனைக் கூப்பிடுவது அப்படித்தான் என்பதால், பெட்டியோடு போய்க்கொண்டிருந்த எத்தனையோ ஆண்கள் ஒன்றாகத் திரும்பினார்கள். கடைசியாகத் திரும்பியவர் வாப்பா. அவர் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பை நான் வேறு எங்கேயும் கண்டதில்லை. தம்பி அவரைக் கண்டு பயந்து, பிறகு குரலைக் கேட்டதும் தாவினான்.

இப்போது அந்தப் பயணங்கள் இல்லை. மாமாவின் வேன் எப்போதோ கைமாறிவிட்டது. பில்டர் வேண்டுமென்றால் போனில் நம்பரைத் தட்டினால் படத்தோடு வருகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏசி பஸ்ஸில் ஏறி, ஊர் ஊராகப் போனில் சொல்லிக்கொண்டே வந்து, சந்தியில் இறங்கித் தாங்களே பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறார்கள். கட்டாரில் இருக்கும் தம்பியும் அடுத்த கிழமை லீவில் வருகிறான். நேற்று வீடியோவில் வந்து, "வாப்பா, நீங்க ஒருத்தரும் அலைய வேணாம், நான் பஸ்ஸில வந்திருவன்" என்றான். வாப்பா "ஓம் மகன், ஓம் மகன்" என்று தலையாட்டினார். போனை வைத்ததும் என்னிடம் திரும்பி, வேனுக்கு யாரிடம் சொல்லலாம் என்று கேட்டார்.

"அவன்தான் வேணாம் எண்டானே வாப்பா" என்றேன்.

"அப்படித்தான் சொல்லுவான். நானும் ஒவ்வொரு முறையும் உங்கட உம்மாக்கிட்ட வேணாமெண்டுதானே சொன்னன்."