கேப்டனின் இரண்டாவது எக்ஸ்ரே

என்னைத் தவிர எங்கள் வீட்டில் மூன்று பேர். மூவரும் சேர்ந்து என்னிடம் பொய் சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு, பத்து வயதில், ஜூன் மாத விடுமுறையின் கடைசி வாரத்தில் வந்தேன்.

பொய் கேப்டனைப் பற்றியது. கேப்டன் என் கினிப் பன்றி. பெயரில்தான் பன்றி, முயலுக்கும் எலிக்கும் இடைப்பட்ட பிராணி. பழுப்பும் வெள்ளையுமாக நீண்ட முடி, தரையைக் கூட்டிக்கொண்டே நடக்கும். எங்களோடு ஆங் மோ கியோ வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, அதைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "உன் பெருச்சாளிக்குத் தண்ணி வச்சியா?" என்பதுதான் அவர் கேள்வி. அத்தை தேக்காவில் ஒரு கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். எல்லை தாண்டி ஜொகூரில் கட்டிக்கொடுத்து, நான் பிறப்பதற்கு முன்பே தனியாகத் திரும்பி வந்தவர். ஏன் திரும்பினார் என்று யாரும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கேட்கிற பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தும், அதை மட்டும் நான் கேட்டதில்லை.

கேப்டனுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் நிறுத்து எடையை எழுதுவேன். ஜனவரியில் அதற்குச் சிறுநீர்க்கல் வந்தபோது ஃபேரர் பார்க் பக்கம் இருந்த விலங்கு மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுத்தோம். என் கேள்விகளைத் தாங்க முடியாமல் அந்தச் சீனப் பெண் மருத்துவர் படத்தைத் திரையில் பெரிதாக்கி ஒவ்வோர் எலும்பாகச் சொன்னார். பின்பக்கத்தில், வேறு எதோடும் ஒட்டாமல், அரிசி மணியைவிடச் சற்று நீளமாக ஓர் எலும்பு தனியே இருந்தது. ஆணுக்கு மட்டும்தான் அது இருக்கும் என்றார். படத்தை அச்செடுத்து வாங்கி நோட்டில் ஒட்டினேன். அந்த எலும்பைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன்.

ஜூனில் அம்மா வழியில் ஒரு கல்யாணம். மூன்று வாரம் திருச்சிக்குப் போனோம். அத்தை வரவில்லை, கடையில் லீவு கொடுக்கவில்லை என்றார். கல்யாணம், வளைகாப்பு என்றால் அத்தைக்கு எப்போதுமே லீவு கிடைக்காது. கேப்டனை அவரிடம் விட்டுப் போனோம்.

திரும்பி வந்தபோது கூண்டுக்குள் இருந்தது கேப்டன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. போகும்போது தொள்ளாயிரத்துப் பத்து கிராம்; இப்போது எழுநூற்று எண்பது. நெற்றியின் வெள்ளை இடது காதுவரை போயிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்தால் கேப்டன் வீடே அதிரக் கீச்சிடும். இது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும்விட சந்தேகத்துக்குரியவர் அத்தை. வேலைக்குக் கிளம்பும் முன் கூண்டருகே உட்கார்ந்து, குடைமிளகாயை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டிருந்தார். பெருச்சாளி என்ற சொல் வீட்டில் காணாமல் போயிருந்தது.

விசாரணையை அப்பாவிடம் தொடங்கினேன்.

"நீ இல்லாம ஏங்கி இளைச்சிருக்கும் லா," என்றார்.

"இளைச்சா முடி வெள்ளையாகுமாப்பா?"

"வெயில்தான். வெயில்ல எல்லாமே வெளுக்கும்."

"அது வீட்டுக்குள்ளதானே இருந்துச்சு?"

அப்பா கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். அது ஒலிக்கவே இல்லை.

அம்மா பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? பொறந்த அன்னிக்கே நர்ஸ ஒரு மாதிரி பாத்தவதானே நீ," என்றார்.

எக்ஸ்ரே ஒன்றுதான் வழி என்று தோன்றியது. அதற்குக் கேப்டன் நோயாளியாக வேண்டும். அத்தையின் விடுமுறை நாளான புதன்கிழமை காலையில், கேப்டன் சிறுநீர் கழிக்கும்போது முனகுகிறது, ஜனவரியில் செய்ததுபோலவே, என்று அவரிடம் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தையே கவனித்தேன். தயங்குவார், சாக்குச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அத்தை காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"டாக்சி கூப்பிடு," என்றார். தேக்காவுக்குப் பேருந்தைத் தவிர வேறெதிலும் போகாதவர்.

மருத்துவர் அதைத் தூக்கி, மல்லாத்தி, முடியை விலக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை வேண்டாம் என்பதுபோல மிக லேசாகத் தலையை அசைத்தார். இவரும் கூட்டாளிதான் என்று முடிவு செய்தேன். விவரம் தெரிந்தவர்கள் புரட்டிப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் அந்த ஓர் எலும்பை மட்டுமே நம்பிப் போயிருந்தேன்.

படம் திரையில் வந்தது. நோட்டைத் திறந்து பக்கத்தில் பிடித்தேன். என் நோட்டில் சிவப்பு வட்டம் இருந்த இடத்தில், திரையில் ஒன்றுமே இல்லை.

"அந்த எலும்பு எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கரைந்துவிட்டது என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பது என்றும் யோசித்து வைத்திருந்தேன்.

மருத்துவர் முதலில், கல் எதுவும் இல்லை என்றார். அத்தை மூச்சை விட்டார். அதன் பிறகு மருத்துவர், "சாரி ஆன்ட்டி, இந்தப் பிள்ளையிடம் மறைக்க முடியாது," என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். இது பெண். அதுமட்டுமல்ல, இடுப்பின் முன்பக்கம் இரண்டு எலும்புகளும் சந்திக்கும் இடத்தைப் பேனா முனையால் காட்டினார். அங்கே ஒரு கறுப்பு இடைவெளி. கேப்டனின் படத்தில் அந்த இடம் மூடியிருந்தது. கினிப் பன்றிக் குட்டிகள் முடியோடும் திறந்த கண்ணோடும் பெரிதாகவே பிறப்பவை. அவை வெளியே வருவதற்கு இந்த இடம் விரிந்து கொடுக்க வேண்டும். இது குட்டி போட்ட இடுப்பு என்றார்.

அதுவரை சுவரோரம் நின்ற அத்தை, அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மெதுவாக: "பிறகு அது மூடிக்கொள்ளுமா?"

"கொஞ்சம் மூடும். ஆனால் ஒருமுறை திறந்தது முன்போல இறுகாது."

அத்தை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவரின் பதிலை நோட்டில் எழுதிக்கொண்டேன். கேள்வியை எழுதவில்லை.

திரும்பும்போது பேருந்தில் அத்தை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"நீங்க போன நாலாம் நாளு. அதே கல்லு, அடைச்சிருச்சு. இதே டாக்டர்கிட்டதான் தூக்கிட்டு ஓடியாந்தேன், காப்பாத்த முடியல. உங்கப்பனுக்குப் போன் போட்டா, கல்யாண வீட்ல பிள்ள அழுவா, அதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சிருன்னான்."

"அதே மாதிரின்னா ஆணுல்ல வாங்கியிருக்கணும்?"

"இருந்துச்சு. ஜூரோங்ல ஒரு வீட்ல வளக்கிறாங்க. உன் கேப்டன அச்சுல வாத்த மாதிரி ஒண்ணு. அத வாங்கத்தான் போனேன்."

"அப்புறம்?"

"இது ஒரு ஓரமா இருந்துச்சு. குட்டிய எல்லாம் முந்தின நாளுதான் ஆளாளுக்குக் குடுத்துட்டாங்களாம்."

"அதனால?"

அத்தை மடியிலிருந்த கூண்டின் மேல் துண்டைச் சரிசெய்தார். "அதனால என்ன லா. வாங்கிட்டேன்."

எட்டு நாள் நான் அத்தையோடு பேசவில்லை. அந்த எட்டு நாளும் குடைமிளகாய் நறுக்குவது நின்றுபோகவில்லை.

இப்போது நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளின் எலும்புகளை ஸ்கேன் செய்து அளக்கிறேன். இடுப்பின் முன்னெலும்பு பெண்ணுக்கு நீண்டு மெலிந்திருக்கும், ஆணுக்குக் குட்டையாகத் தடித்திருக்கும். லேபிளைப் பார்க்காமலே பெரும்பாலும் சொல்லிவிடுவேன். இந்த வேலைக்காகப் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள், துணி மடித்தபடி ஏதோ பேச்சுவாக்கில் அம்மா சொன்னார். ஜொகூரில் அத்தைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பன்னிரண்டு நாள் இருந்தது. அதன் பிறகு அந்த வீட்டில் அத்தைக்கு இடம் இருக்கவில்லை. எனக்கு இது தெரியும் என்றே அம்மா நினைத்திருந்தாராம்.

அன்று அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். பேசாமல் இருந்த எட்டு நாளில் எழுதிய பக்கம் அப்படியே இருந்தது. தலைப்பு: அவர்கள் செய்த தவறுகள். எடை பார்க்கவில்லை. நெற்றி வெள்ளையைப் போட்டோவோடு ஒப்பிடவில்லை. என்னிடம் எக்ஸ்ரே இருப்பதை மறந்துவிட்டார்கள். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்: கேப்டனைப் போலவே ஒன்று இருந்தும், அத்தை சரியாகப் பார்த்து வாங்கவில்லை.