ஈரத் துணி

டாக்டர் சொல்லித்தந்தபடி கைகளையும் முட்டிகளையும் தரையில் ஊன்றி, வலிக்கும் முதுகை மெல்ல வளைத்து உயர்த்தினேன். என் முன்னால் ஈரத் துணி வந்து விழுந்தது.

"குனிஞ்சிதான கீற? அப்டியே வூட்ட தொடச்சிடு. சுகப்பிரசவம் ஆவும்" என்றார் மாமியார்.

பினாயில் நெடி ஏறியதும் நான் வளர்ந்த பென்னலூர் வீடு நினைவுக்கு வந்தது. தம்பியை வயிற்றில் சுமந்திருந்த அம்மா இப்படித்தான் முட்டிபோட்டுத் துடைப்பாள். கூடவே குடியிருந்த பெரியம்மா, நின்றபடி துடைக்கும் மாப்பை ஒளித்துவைத்திருந்தாள்.

"இன்னாடி, அதுக்குள்ள மூச்சு வாங்குது? மூலைய தேய்டி!" என்று பெரியம்மா அதட்டுவாள்.

துடைத்த இடத்தில் வேண்டுமென்றே செருப்போடு நடப்பாள். அம்மா பேசாமல் மறுபடியும் துடைப்பாள்.

நானும் பேசாதவள்தான். மறுத்தால் பிரசவம் சிக்கலாகிவிடுமோ என்றுகூடப் பயந்தேன். அதற்குள் என் மகள் ஓடிவந்து, எனக்குப் பதிலாகத் துணியை எடுத்துத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அவளிடமிருந்து துணியைப் பிடுங்கி, மாமியாரின் காலடியில் எறிந்தேன். பிறகு மறுபடியும் கைகளை ஊன்றி முதுகை உயர்த்தினேன்.