மழைக்காலத்தில் காய்ந்த மிளகாய்

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் கழித்துப் போட்ட பழைய கம்பிவலை அலமாரி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு என் ஓரகத்தி எங்கள் தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்குள் நுழைந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றே கூப்பிடுவேன். அலமாரிக்கு ஒரு காலில்லை. அவருடைய கணவர், என் மூத்தார், அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "உள்ள வைக்கிறதுக்கு வீட்டுல என்ன இருக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊரான பூனாகலையில் மாவும் அரிசியும் அரைகுறையாகத்தான் கிடைத்தன. பல வீடுகளில் மரவள்ளிக் கிழங்கே சாப்பாடு.

எங்களிடம் இருந்தது மிளகாய் மட்டும்தான். லயத்துக்குப் பின்னாலிருந்த காய்கறித் தோட்டத்தில் அந்த வருடம் அப்படிக் காய்த்திருந்தது. பழுத்துச் சிவந்த நேரம் பார்த்து மழையும் பனிமூட்டமும் இறங்கிவிட்டன. வெளிநாட்டுச் செத்தல் மிளகாய் வருவது நின்றிருந்ததால், காய்ந்த மிளகாய்க்குக் கடைகளில் ஏகக் கிராக்கி. பழுத்ததை அப்படியே வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார் மூத்தார். அக்கா சம்மதிக்கவில்லை. அழுகிப்போனால் பழி தன்மேல் இருக்கட்டும் என்றார்.

அடுப்புக்கு மேலே பரண் கட்டலாம் என்று நான் சொன்னேன். புகைநாற்றம் ஏறினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று அக்கா அதை ஒதுக்கினார். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் கொழுந்து சூட்டுக்காற்றில்தானே காய்கிறது, மிளகாய் ஏன் காயாது என்பது அவர் எண்ணம். தாழ்வாரத்தில் அலமாரியைக் கற்கள்மேல் நிறுத்தி, அடியில் கரிச்சட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவே சூடு பரவ ஒரு தகரத்தைச் செருகினார். சூடு வீணாகக்கூடாதென்று நாற்புறமும் சாக்கால் இறுக்கி மூடினோம். மறுநாள் திறந்தால் மிளகாய் காயவில்லை, வெந்து புளித்துக் கிடந்தது. மூத்தார் அதை அள்ளிக்கொண்டுபோய்க் குழியில் கொட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்கா அந்தப் பெட்டியின் உட்புறத்தைத் தடவி, விரலில் ஒட்டிய நீரைப் பார்த்தார். பிறகு, "ஈரம் வெளிய போக வழியே விடலையே நாம" என்றார்.

உச்சியில் ஓட்டை போட்டார். கீழே காற்று நுழைய இடம் விட்டார். மிளகாயை ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் பரப்பினோம். அடித்தட்டு கருகத் தொடங்கியதும் தட்டுகளை மேலும் கீழுமாக மாற்றினோம். இப்போது என் மகள் வீட்டில் பொத்தானை அழுத்தினால் காயவைக்கும் மின்சாரப் பெட்டி இருக்கிறது. தட்டில் இடைவெளி விட்டுப் பரப்பவும் என்று அதனுடன் வந்த தாளில் போட்டிருந்ததைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பெட்டி மிளகாயைப் பறிகொடுத்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் அது.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில் மூவரும் பண்டாரவளைக்குப் போனோம். எல்லோரும் நானா என்று கூப்பிடும் கடைக்காரர் ஒரு மிளகாயைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே விதை கலகலத்தது. ஒடித்து முகர்ந்தும் பார்த்தார்.

"இந்த மழையில எந்த ஊர் வெயில்ல காயவச்சீங்க?"

"வெயில் இல்லைங்க நானா. எங்க வீட்டுப் பெட்டியில" என்றார் அக்கா.

நானா மிளகாயைத் தராசில் போட்டு நிறுத்தார். கடைப்பையனைக் கூப்பிட்டு மாவு மூட்டையை இறக்கச் சொன்னார். இனிமேல் காயவைப்பது எல்லாவற்றையும் தனக்கே கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

திரும்பும் வழியில் மூட்டையைச் சுமந்தவர் மூத்தார்தான். எதிரே வந்தவர்களிடமெல்லாம் நிறுத்தி நிறுத்தி, "நம்ம பெட்டியில காஞ்ச மிளகாய்க்கு வந்த மாவு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முன்னால் நடந்த அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நம்ம பெட்டின்னா, நாளையிலேருந்து கரியும் நம்ம ரெண்டு பேரும்தான் போடணும்."

மறுநாள் காலை பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கிளம்பி வெளியே வந்தேன். மூத்தார் தாழ்வாரத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணில் நீர் வடிய, கரிச்சட்டியை ஊதிக்கொண்டிருந்தார்.